கரைப்பான் இல்லை... கவலையும் இல்லையா?



ஆண்டு மலர் என்றாலே கவிதை, காதல், கல்லூரி நினைவு, கொஞ்சம் ஜோக்கு. இவைதான் பக்கத்தை நிரப்பும். தப்பில்லை. ஆனால் மூன்று வருஷம் டிப்ளமோ படித்துவிட்டு வெளியே போகிற நாம், நம்ம தொழிலைப் பற்றி நாலு வார்த்தை மனசு விட்டுப் பேச வேண்டாமா? அதனால் இந்த வருஷம் மலருக்குள் கொஞ்சம் மை வாசனையும் வரட்டும் என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

நான் பேச வந்தது யு.வி. மை, யு.வி. கோட்டிங் இவற்றில் கலக்கிற 'ரியாக்டிவ் டைலூயன்ட்' என்கிற மோனோமர்களைப் பற்றி. உடனே "அட, இது பிரிண்டிங் பசங்க சமாச்சாரம்டா" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் நண்பரே, நீங்கள் படிக்கிற ஆப்டிக்கல் ஃபைபரில் கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரான்தான். அதன்மேல் ஏறக்குறைய 250 மைக்ரான் வரை ஏற்றியிருக்கிற உறை யு.வி. ஒளியில் இறுகிய அக்ரிலேட். பி.சி.பி. பலகையின் பச்சைப் பூச்சிலும் இதே குடும்பம் உண்டு. ஆட்டோமொபைல் நண்பரே, இன்றைய கார் ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகப்பு சீக்கிரம் கீறல் விழாமல் இருப்பது இந்தக் கோட்டிங்கால்தான். சிவில் நண்பருக்கு ரெடிமேட் மரத் தரை. எல்லோருக்கும் பொதுவாக இன்னொன்று: கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் மட்டும் தனியாகப் பளபளக்கிறாரே, அது ஸ்பாட் யு.வி.!

ஆக, இது எல்லோர் வீட்டு விஷயம். இனி என் கருத்துக்கு வருகிறேன். "யு.வி. மையில் கரைப்பான் கிடையாது, அதனால் ஆபத்தும் கிடையாது" என்று ஒரு பேச்சு நம் தொழிலில் ஊறிப் போயிருக்கிறது. இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். அந்தப் பொய்யின் விலையைக் கையால் கொடுப்பவர்கள் மிஷினில் நிற்பவர்கள். நாளைக்கு அந்த மிஷினில் நிற்கப் போவது நாம்தான்.

சாரம் கட்டாத கட்டடம்

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். சாதாரணப் பெயின்டிலும் ஸ்க்ரீன் மையிலும் என்ன நடக்கிறது? பிசின் கெட்டியாக இருக்கும். அதை ஓட வைக்கத் தின்னர் ஊற்றுவோம். பூசியதும் தின்னர் காற்றில் பறந்துவிடும், பிசின் மட்டும் தங்கும். கட்டடம் கட்டும்போது சாரம் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்துப் போடுகிற மாதிரி. பிரித்த சாரம் எங்கே போகிறது? நம்ம மூக்குக்கும் வானத்துக்கும்.

யு.வி. மையில் கதை வேறு. இங்கேயும் ஒரு கெட்டிப் பிசின் உண்டு. அதற்கு ஆலிகோமர் என்று பெயர். எபாக்சி அக்ரிலேட் என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் அதன் பாகுத்தன்மை லட்சக்கணக்கான சென்டிபாய்ஸ். தண்ணீர் வெறும் 1 சென்டிபாய்ஸ் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முறுகின வெல்லப்பாகு தோற்றுப் போகும்! இதை எந்த உருளையால் தேய்க்க முடியும்? எந்த வலை வழியாக இறக்க முடியும்? அங்கேதான் மோனோமர் வருகிறது. டி.பி.ஜி.டி.ஏ. என்று நாம் சுருக்கிச் சொல்கிற டிரைப்ரொப்பிலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட் 10 முதல் 15 சென்டிபாய்ஸ்தான். அதைச் சேர்த்ததும் பாகு ஓடத் தொடங்கும். பிறகு ஒளி பட்டதும், ஒளித்துவக்கி என்கிற போட்டோ இனிஷியேட்டர் உடைந்து ஃப்ரீ ராடிக்கல்களைத் தரும். ஆலிகோமரும் மோனோமரும் கைகோத்து ஒரே வலையாக இறுகும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

பறந்து போக எதுவும் இல்லை. இளக்க வந்ததே இறுகி நிற்கிறது. கொத்தனாரே கடைசியில் செங்கல்லாக மாறிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார் என்றால் எப்படி? அப்படித்தான்! அதனால்தான் 'ரியாக்டிவ்' டைலூயன்ட் என்று பெயர். வினையிலே பங்கெடுக்கிற இளக்கி.

இது திடீரென்று வந்த ஞானமில்லை. 1960-களில் ஜெர்மனியில் மரப் பலகைகளுக்கு யு.வி. பூச்சு பூசியபோது ஸ்டைரீன்தான் இளக்கியாக இருந்தது. அது வினையில் சேர்ந்தாலும், சேர்வதற்கு முன்பே ஒரு பகுதி ஆவியாகி நாறடித்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் புகைமூட்டத்தைக் குறைக்க 1966-ல் 'ரூல் 66' என்று கரைப்பான்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, சூடேற்றி உலர்த்துகிற அடுப்புகளின் எரிபொருள் செலவு கழுத்தைப் பிடித்தது. கரைப்பான் வேண்டாம், அடுப்பும் வேண்டாம் என்று தொழில் யோசித்தபோது, ஆவியாகாத அக்ரிலேட் மோனோமர்கள் மேடை ஏறின. இன்று ஆப்செட், ஃப்ளெக்சோ, ஸ்க்ரீன், இங்க்ஜெட் என எல்லாவற்றிலும் அவைதான்.

ஒரு கை, இரண்டு கை, மூன்று கை

மோனோமர் என்றால் எல்லாம் ஒன்றுதான், எது மலிவோ அதை ஊற்று என்கிற எண்ணம் பல இடத்தில் இருக்கிறது. இது என் இரண்டாவது சண்டை. ஒரு மோனோமருக்கு எத்தனை அக்ரிலேட் முனை இருக்கிறது என்பதை எத்தனை கை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கை உள்ளது ஐ.பி.ஓ.ஏ. எனப்படும் ஐசோபோர்னைல் அக்ரிலேட். மூலக்கூறு எடை 208. ஒரு கைதான் என்பதால் வலை இறுக்கமாகப் பின்னாது. பூச்சு வளையும், பிளாஸ்டிக்கில் நன்றாக ஒட்டும், அதிகம் சுருங்காது. ஆனால் இறுக நேரம் எடுக்கும்.

இரண்டு கை உள்ளவை எச்.டி.டி.ஏ., டி.பி.ஜி.டி.ஏ. எடை முறையே 226, 300. இவை நடுத்தர வர்க்கம். நன்றாக இளக்கும், ஓரளவு வேகமாகவும் இறுகும். எச்.டி.டி.ஏ. சில பிளாஸ்டிக்குகளின் மேற்பரப்பை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதே கடியைத் தோலிலும் காட்டும் என்பதை இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கை உள்ளது டி.எம்.பி.டி.ஏ. எடை 296. பாகுத்தன்மை 100 சென்டிபாய்ஸ் அளவில், கடலெண்ணெயைவிடக் கொஞ்சம் கெட்டி. ஒளி பட்டதும் படாரென்று இறுகும், கல் மாதிரி கெட்டியாகும். ஆனால் நிறையச் சுருங்கும், மடித்தால் வெடிக்கும். ஏன் சுருங்குகிறது? திரவத்தில் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஏறக்குறைய 3.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கும். பிணைப்பு உண்டானதும் அந்த இடைவெளி சுமார் 1.5 ஆகிவிடும். கை அதிகமானால் பிணைப்பு அதிகம். பிணைப்பு அதிகமானால் சுருக்கம் அதிகம். பஸ்ஸில் "உள்ளே போ, உள்ளே போ" என்று கண்டக்டர் நெருக்குவது போல!

புத்தக அட்டை மடிப்பில் வார்னிஷ் வெடித்துப் பொடியாக உதிர்கிறதா? மூன்று கை மோனோமர் அதிகமாகியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். பிளாஸ்டிக் லேபிளில் மை டேப்போடு உரிந்து வருகிறதா? சுருக்கம் ஒட்டுதலைப் பிய்த்திருக்கலாம். கையை எண்ணத் தெரிந்தவனுக்குப் பாதி டிரபிள் ஷூட்டிங் முடிந்த மாதிரி. மார்க்குக்காக அல்ல, வேலைக்காக இதைப் படியுங்கள் என்கிறேன்.

கையில் ஒட்டிய கதை

இப்போது தலைப்பின் கேள்விக்கு வருவோம். கரைப்பான் இல்லை. கவலையும் இல்லையா?

ஒரு மோனோமர் ஒரு நொடியில் இறுகுகிறது என்றால் அது வினைபுரியத் துடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மைக்குள் மட்டும்தான் துடிப்பேன், மனுஷன் தோலில் பட்டால் சும்மா இருப்பேன் என்று அது நமக்குச் சத்தியம் செய்து கொடுத்ததா? நம் தோலில் உள்ள புரதங்களில் அமீன், தயால் முனைகள் உண்டு. அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பு அவற்றோடு நேராகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். அப்படி மாறிய புரதத்தை உடம்பின் காவல்காரர்கள் "இது நம்ம ஆள் இல்லையே" என்று குறித்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை துளி பட்டாலும் சண்டைதான். அரிப்பு, சிவப்பு, கொப்புளம், வெடிப்பு. இதற்கு ஒவ்வாமை என்று பெயர். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் நிலைத்துவிடும்.

இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், பட்டவுடன் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். திங்கட்கிழமை பட்டது புதன்கிழமை அரித்தால் யார் மையைச் சந்தேகப்படுவார்கள்?

இன்-பிளான்ட் டிரெயினிங்கின்போது நான் போன ஒரு பிரஸ்ஸில் ஸ்க்ரீன் பிரிவில் ஓர் அண்ணன். பேரும் ஊரும் வேண்டாம். தங்கமான மனுஷன், வேலையில் புலி. விரலெல்லாம் வெடித்து, சிமென்ட் கலக்கிற கை மாதிரி இருந்தது.

"என்னண்ணே கை இப்படி இருக்கு?"

"அது ஏதோ சூட்டு உடம்பு தம்பி. கத்திரிக்காய நிறுத்திட்டேன், கருவாட்ட நிறுத்திட்டேன், சோப்பு மூணு மாத்திட்டேன். நிக்கல."

"லீவு போட்டா?"

"பொங்கலுக்கு ஊருக்குப் போனா நல்லா ஆயிடுது தம்பி. வந்து மூணாம் நாள் மறுபடி ஆரம்பிச்சிடுது."

சொல்லிக்கொண்டே வேலை முடிந்த கையைத் தின்னர் துணியால் துடைத்தார். அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில், இங்கிலீஷில், ஓர் ஆச்சரியக்குறிப் படத்துக்குப் பக்கத்தில், தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்று போட்டிருந்தது. "அதுல என்ன தம்பி போட்டிருக்கு?" என்றார். படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இத தமிழ்ல போட்டிருந்தா நானே படிச்சிருப்பேனே, தம்பி. எட்டு வருஷமா இந்த டப்பாவத்தான தூக்குறேன்."

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

ஒரு மனுஷனின் கதையை வைத்து நான் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பொருளை 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவிக்கிறது. 2012-ல் அந்தப் பட்டம் அக்ரிலேட்டுகளுக்கு. 2020-ல் மேலே சொன்ன ஒரு கை ஐ.பி.ஓ.ஏ.-வுக்கு! ஏன் தெரியுமா? சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்கிற குளுக்கோஸ் சென்சாரின் பசையில் அது இருந்தது. வினையில் சேராமல் மிச்சம் நின்ற மூலக்கூறு தோலுக்குள் இறங்கி, பலருக்குப் புண்ணாக்கியது. இத்தனைக்கும் ஐ.பி.ஓ.ஏ.-வின் மூலப்பொருள் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து வருகிறது. 'இயற்கை' என்று லேபிள் ஒட்டினால் மட்டும் எதுவும் சாதுவாகிவிடாது.

மூன்று கை டி.எம்.பி.டி.ஏ.-வை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2018-ல் ஆராய்ந்து, '2பி' பிரிவில் வைத்தது. விலங்குச் சோதனைகளை வைத்து, மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயப்படுகிற பிரிவு அது. நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐயம் என்று உலகம் சொல்கிற பொருளை வெறுங்கையால் கலக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

இறுகிவிட்டால் எல்லாம் சரியா?

"ஈரமாக இருக்கும்போதுதானே பிரச்சனை? இறுகிவிட்டால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுமே" என்று ஒரு பேச்சு. நியாயமான கேள்விதான். முழுசாக இறுகினால் சரி. ஆனால் முழுசாக இறுகுவது அவ்வளவு சுலபமா?

வலை இறுக இறுக, மிச்சமிருக்கிற மூலக்கூறுகள் நகர முடியாமல் சிறைப்பட்டுவிடும். அதனால் நூற்றுக்கு நூறு வினை எப்போதும் நடப்பதில்லை. மேற்பரப்பிலே காற்றின் ஆக்சிஜன் வேறு ராடிக்கல்களைப் பிடித்துத் தின்னும். தொட்டால் பிசுபிசுக்கிறதே, அது இதனால்தான். கறுப்பு மையில் ஒளி அடிவரை இறங்காது, மேலே தோல் கட்டிக்கொண்டு கீழே பச்சையாகவே நிற்கும். மெர்க்குரி விளக்கு எரிய எரிய அதன் யு.வி. குறைந்துகொண்டே வரும். கண்ணுக்கு மட்டும் அதே வெளிச்சம் தெரியும்! எத்தனை பிரஸ்ஸில் ரேடியோமீட்டர் வைத்து அளக்கிறார்கள்? கட்டைவிரலை வைத்து ஒரு திருகு. ஒட்டவில்லையா? "ஓகே, ஓட்டு!" அவ்வளவுதான் சோதனை.

இதற்குமேல் இன்னொரு பழக்கம். மை கெட்டியாக இருக்கிறதென்று ஆபரேட்டரே கேனிலிருந்து மோனோமரை எடுத்துக் கண் அளவில் ஊற்றிக் கலக்குவது. பழைய தின்னர் பழக்கம்! தின்னர் அதிகமானால் பறந்துவிடும். மோனோமர் அதிகமானால் எங்கே பறக்கும்? பிக்மென்ட் விகிதம் குறையும், ஒளித்துவக்கி விகிதம் குறையும், மிஷினில் மை தூசியாகத் தெறிக்கும், இறுகாத மிச்சம் அச்சிலேயே தங்கும்.

அந்த மிச்சம் எங்கே போகும்? அச்சடித்த தாளை அடுக்கி வைக்கிறோம், ரோலாகச் சுற்றுகிறோம். ஒரு தாளின் முகம் அடுத்த தாளின் முதுகில் ஒட்டி நிற்கும். முகத்தில் இருக்கிற மிச்சம் முதுகுக்கு மாறும். அந்த முதுகுதான் நாளைக்கு இனிப்புப் பெட்டியின் உள்பக்கம்! இது கற்பனையில்லை. 2005-ல் இத்தாலியில் குழந்தைப் பால் அட்டைப் பெட்டிகளில் ஐ.டி.எக்ஸ். என்ற ஒளித்துவக்கி பாலுக்குள் இறங்கியிருந்தது தெரிந்து, சுமார் 3 கோடி லிட்டரைப் பறிமுதல் செய்தார்கள். வெளிப்பக்கம் அடித்த மை, ரோலில் உள்பக்கத்தோடு ஒட்டி நின்றதுதான் வழி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, அந்த அளவால் உடல்நலக் கவலை இல்லை, ஆனால் பாலில் அது இருப்பது விரும்பத்தக்கதல்ல என்றது. 2009-ல் காலை உணவுத் தானியப் பெட்டியிலிருந்து இன்னொரு ஒளித்துவக்கி இறங்கியதாக ஐரோப்பாவில் மறுபடியும் பரபரப்பு. அது துவக்கி, இது மோனோமர். ஆனால் வழி ஒன்றுதான்: வலையில் சேராத சின்ன மூலக்கூறு நடமாடும்.

நம் நாட்டிலும் 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதிவு விதிகள், உணவுப் பொதிகளில் அடிக்கிற மை ஐ.எஸ். 15495 தரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கின்றன. இந்த எண் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பேரலுக்குள் தூங்குகிற பூதம்

இன்னொரு விஷயம், ஸ்டோர் ரூமில் வேலை பார்க்கப் போகிற நண்பர்களுக்கு. மோனோமர் தானாக இறுகிவிடாமல் இருக்க அதில் எம்.இ.எச்.க்யூ. என்ற தடுப்பான் சில நூறு பி.பி.எம். கலந்திருக்கும். இந்தத் தடுப்பான் தனியாக வேலை செய்யாது. திரவத்தில் கரைந்த ஆக்சிஜன் கூட இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் பேரலை விளிம்புவரை நிரப்பக் கூடாது, மேலே காற்று இருக்க வேண்டும். 'பாதுகாப்பு' என்று நினைத்து நைட்ரஜன் அடைத்தால் காவல்காரனையே வெளியே அனுப்பிய கதைதான். பூச்சு இறுகும்போது வில்லனாக வருகிற அதே ஆக்சிஜன், பேரலுக்குள் கதாநாயகன்!

காவல் தளர்ந்தால் என்ன ஆகும்? ஒரு மோல் அக்ரிலேட் முனை பிணையும்போது சுமார் 80 கிலோஜூல் வெப்பம் வரும். அந்தச் சூடு வினையை வேகப்படுத்தும், வேகம் மறுபடி சூட்டைக் கூட்டும். கடைசியில் பேரலே வெடிக்கலாம். நம்ம சிவகாசிப் பக்கம் அக்கினி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரி. தகரக் கொட்டகைக்குள் எவ்வளவு இருக்கும்? தீப்பெட்டி லேபிளில் தொடங்கி, காலண்டர், டைரி என்று நாட்டுக்கே அச்சடித்துத் தருகிற ஊர் அது. பட்டாசுக்கு எடுக்கிற ஜாக்கிரதையில் பாதியாவது மோனோமர் பேரலுக்கு எடுக்க வேண்டாமா?

அப்படியானால் பழைய மைக்கே போவோமா?

"இவ்வளவு பயமுறுத்துறியே, பேசாம தின்னர் மைக்கே போயிடலாமா?" என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான். வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் பதில். தின்னர் ஆவி மூக்கு வழியாக மூளைக்கும் ஈரலுக்கும் போகிறது. தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. யு.வி. அந்த இரண்டையும் பெரிய அளவில் குறைத்தது. நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல. நல்ல குதிரை என்பதற்காகக் கடிவாளம் இல்லாமல் ஏறாதே என்கிறேன்.

"எல்.இ.டி. வந்தாச்சு, இனி பிரச்சனை இல்லை" என்பது இன்னொரு வாதம். எல்.இ.டி. விளக்கில் மெர்க்குரி இல்லை, ஓசோன் இல்லை, கரண்ட் மிச்சம். எல்லாம் சரி. ஆனால் டப்பாவுக்குள் இருப்பது அதே மோனோமர்தானே? அதோடு எல்.இ.டி. ஒளிக்கு ஏற்ற டி.பி.ஓ. என்ற ஒளித்துவக்கியை, இனப்பெருக்கத்துக்கு ஆபத்து என்ற காரணத்தால் 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் மிகுந்த கவலைக்குரிய பொருள் பட்டியலில் சேர்த்தது. 2025 செப்டம்பர் முதல் அங்கே அதை நகப்பூச்சு உள்ளிட்ட அழகுசாதனங்களில் சேர்க்கத் தடை. விளக்கை மாற்றினால் மட்டும் போதாது.

"செலவாகுமே" என்பார்கள். ஆகும்தான். ஆனால் வழி இருக்கிறது. அதே டி.எம்.பி.டி.ஏ.-வில் எத்திலீன் ஆக்சைடைக் கோத்து நீட்டினால் எடை 296-லிருந்து 428 ஆகிறது. தோல் எரிச்சல் குறைகிறது, வளையும் தன்மை கூடுகிறது, பாகுத்தன்மையும் பெரிதாக ஏறுவதில்லை. எரிச்சலை 0 முதல் 8 வரை மதிப்பெண் போட்டுச் சொல்கிற முறை பல காலமாக உண்டு. வாங்குகிறவர் அதையும் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் ஒன்று: எரிச்சல் குறைவு என்றால் ஒவ்வாமை வராது என்று அர்த்தமில்லை. கையுறை எப்போதும் வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதனால் நம் மாணவர் சங்கத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், உங்களுக்கும் சேர்த்து ஐந்து வேண்டுகோள்கள்:

1. நம் லேபில் இருக்கிற ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தாள் தமிழில் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா? நாங்கள் இருக்கிறோம். 'எச் 317' என்ற குறி தோல் ஒவ்வாமையைக் குறிக்கும் என்பது கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும்.

2. லேப் பட்ஜெட்டில் நைட்ரைல் கையுறை சேர வேண்டும். மெல்லிய லேடெக்ஸ் கையுறைக்குள் அக்ரிலேட் சில நிமிஷத்தில் புகுந்துவிடும். நைட்ரைலும் நாள் முழுக்கத் தாங்காது. மை பட்டால் கழற்றிப் போட வேண்டும்.

3. கையில் மோனோமர் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள். தின்னர் தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு மோனோமரை உள்ளே அனுப்பும். சோப்பும் தண்ணீரும் போதும்.

4. விளக்கின் யு.வி. அளவை வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுவது பிராக்டிகலின் பகுதியாக வேண்டும். வைவாவில் அதைக் கேளுங்கள், ஐயா! கேட்டால் படிப்போம்.

5. ஒவ்வொரு பேட்சும் இன்-பிளான்ட் டிரெயினிங் போகும்போது, அங்கே வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு தாளில் நாலு வரி தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கற்றுக்கொடுத்தவர்களுக்கு நாம் தருகிற தட்சிணை அது.

வேலை செய்கிற இடத்தில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற உரிமை சும்மா வந்ததில்லை. 1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அது சட்டத்தில் ஏறியது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உரிமையைப் பொடி எழுத்து இங்கிலீஷில் பூட்டி வைத்தால் அதற்குப் பெயர் உரிமையா?

இன்ஜினியர் ஃபார்முலாவைப் போடுவார். முதலாளி விலையைப் போடுவார். அந்த இரண்டுக்கும் நடுவில், மிஷினுக்கும் மனுஷனுக்கும் நடுவில் நிற்கிறவன் டிப்ளமோக்காரன். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கவும் தெரியும், டப்பாவைத் தூக்குகிறவரிடம் பேசவும் தெரியும். இரண்டும் தெரிந்த நாமே வாயை மூடிக்கொண்டால் வேறு யார் பேசுவது?

படிப்போம்... படித்ததைத் தமிழில் சொல்வோம்... நாளை முதல் அல்ல, அடுத்த லேப் பீரியடிலிருந்தே!